டுவெய்ன் டி.வி.யில் சொன்னது

தேர்தலுக்கு முந்திய அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை ஆறு மணிச் செய்தியில் என் கணவன் டுவெய்ன் தோன்றி, எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கார்ன்ஃப்ளேக்ஸ்தான் என்று மாவட்டம் முழுவதற்கும் சொன்னான். நான் அப்போது பன்றி இறைச்சியை அடுப்புக்குள் வேக வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

"கறி வாங்கியே ரொம்ப நாளாச்சு தம்பி." சூப்பர் மார்க்கெட்டில் முட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று, முகத்தை ஏழு வீட்டுத் துக்கம் போல வைத்துக்கொண்டு மைக்கில் பேசினான். "ராத்திரிக்குப் பாலும் கார்ன்ஃப்ளேக்ஸும்தான். என் பொண்டாட்டி மாத்திரைய ரெண்டா உடைச்சு அரை அரையா முழுங்குறா. இந்த அரசாங்கம் எங்கள இந்த நிலைமைக்குக் கொண்டாந்து விட்டிருச்சு."

நான் விழுங்குவது வைட்டமின் மாத்திரை ஒன்றுதான். அது வழவழவென்று ஜெல்லி போல இருக்கும். உடைக்க நினைத்தாலும் உடையாது.

"அடப்பாவி மனுஷா!" என்று கூடத்துக்கு ஓடினேன். அவன் சாய்வு நாற்காலியில் ரிமோட்டும் கையுமாக, பரிசு வாங்கிய பையனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"எப்படி? நல்லா பேசினேன் இல்ல?"

"நான் எப்பய்யா மாத்திரைய உடைச்சேன்?"

"உன்னையவா சொன்னேன்? நாட்டச் சொன்னேன் ஆர்டி. எங்கயோ ஒருத்தி உடைக்கிறா இல்ல?"

"அப்ப அவ பேரச் சொல்ல வேண்டியதுதானே! என்னை எதுக்கு இழுத்த?"

"அவளை எனக்குத் தெரியாதே," என்றான்.

என்ன செய்வது இந்த ஆளை! மின்சார நிறுவனத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். மாதாமாதம் பென்ஷன் வருகிறது. வீட்டுக் கடன் எப்போதோ முடிந்துவிட்டது. வசந்தத்தில்தான் புதுப் படகு ஒன்று வாங்கினான். அது வீட்டுப் பக்கவாட்டில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. பனி இறுகும் ஜனவரியில் நாங்கள் அரிசோனாவுக்குப் போய் வெயில் காய்கிறவர்கள். எங்களுக்கா கார்ன்ஃப்ளேக்ஸ்?

"அந்த மைக் பையன் பாவம் ஆர்டி," என்று விளக்கம் சொன்னான். "எனக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் மைக்க நீட்டினான். பொருளாதாரம் எப்படி இருக்குன்னு கேட்டான். எல்லாரும் 'பரவாயில்ல, இன்னும் மோசமா இருந்திருக்கலாம்'னு சொல்லிட்டு வண்டியத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. எலக்ஷன் நேரத்துல ஊரே பரவாயில்ல பரவாயில்லன்னா நம்ம கட்சி எப்படி ஜெயிக்கும்? ஒருத்தனாவது நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்ல வேணாமா?"

அங்கேதான் அவன் கணக்கு தப்பியது. எங்கள் மின்னசோட்டாப் பக்கத்தில் யாரும் வாய் திறந்து குறை சொல்வதில்லை. மாட்டுக் கொட்டகை எரிந்து சாம்பலானாலும் 'பரவாயில்லை, மாடெல்லாம் வெளியே இருந்தது' என்பார்கள். வைக்கோல் இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவன் மீதி விரல்களைக் காட்டிச் சிரிப்பான். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் கேமராவுக்கு முன்னால் நின்று கறி வாங்க வழியில்லை என்று சொன்னால், அவன் வீட்டில் பட்டினி என்றுதான் அர்த்தம். ஒரு சந்தேகமும் இல்லாமல் ஊர் அதை நம்பியது.

எனக்கு இதில் இன்னொரு தலைவலியும் இருந்தது. எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில், இல்லாதவர்களுக்கு அரிசி, பீன்ஸ், டப்பா மீன் எல்லாம் கொடுக்கும் உணவு அலமாரி ஒன்று உண்டு. அதை நடத்துகிறவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, 'வாங்க, எப்படி இருக்கீங்க, இன்னொரு பால் டப்பா எடுத்துக்குங்க' என்று பெருந்தன்மையாகக் கொடுத்துப் பழகிய கை இது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் மூன்று ஹாட்டிஷ். ஹாட்டிஷ் என்றால் கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள், எல்லாவற்றையும் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வேகவைப்பது. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கும் பிரசவ வீட்டுக்கும் இதுதான் வரும். பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டி அவரவர் பெயர் எழுதியிருக்கும். சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது. நாமும் ஏதாவது செய்து நிரப்பித்தான் கொடுக்க வேண்டும்.

"டுவெய்ன்! போய் அந்தப் படகை மூடு!" என்று கத்தினேன்.

"இப்ப எதுக்கு—"

"மூடுன்னா மூடுய்யா! இல்ல உன் தம்பி கொட்டகையில கொண்டுபோய்த் தள்ளு. எவளாவது பார்த்தா என் மானம் போயிரும்!"

அவன் படகை இழுத்துக்கொண்டு போன சமயத்தில்தான் மாவிஸ் வந்தாள். மாவிஸ் ஓடேகார்ட், எங்கள் தெருக்கோடி வீடு. சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருஷமாக என் தோளோடு தோள் உரசி நின்று பாடுகிறவள். கணவன் லேலண்ட் நீண்ட நாள் நோயில் கிடந்து போய்ச் சேர்ந்தபின் தனியாக இருக்கிறாள். எந்நேரமும் அதே நீலக் கோட்டுத்தான், ஆனால் ஒரு சுருக்கம் இருக்காது. உதட்டுச் சாயம் பூசாமல் தபால் எடுக்கக்கூட வெளியே வர மாட்டாள்.

அவள் அந்தக் கட்சி. நாங்கள் இந்தக் கட்சி. அவள் வீட்டுப் புல்வெளியில் அவர்கள் வேட்பாளரின் பெயர்ப் பலகை, எங்கள் புல்வெளியில் எங்கள் ஆளின் பலகை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது டுவெய்னும் அவளும் முட்டிக்கொள்ளாத வாரம் கிடையாது.

"என்ன மாவிஸ், உங்க ஆளு ஆட்சியில முட்டையெல்லாம் தங்க முட்டை ஆயிருச்சு போல?" என்பான் இவன்.

"உங்க ஆளு வந்தா? கோழிக்கு லீவு குடுத்துட்டு அவரே உட்கார்ந்து முட்டை போடுவாரோ?" என்பாள் அவள். "நாடு நல்லாத்தான் இருக்கு டுவெய்ன். உன் டி.வி.தான் சரியில்ல."

அன்று அவள் வாசலில் நின்று, கைத்துணியில் சுற்றிய பாத்திரத்தை என்னிடம் நீட்டினாள். "சூடா இருக்கு, பார்த்துப் பிடி," என்றாள். டுவெய்னைப் பற்றி ஒரு கேலி இல்லை, குத்தல் இல்லை. என் முழங்கையை ஒரு முறை தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டுவெய்ன் ராத்திரி அதில் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான். மற்ற பாத்திரங்களில் கறியைத் தேட வேண்டியிருந்தது. மாவிஸுடையதில் கறி தாராளமாக இருந்தது. "எந்தக் கட்சியா இருந்தா என்ன, கைப்பக்குவம்னா மாவிஸ்தான்," என்று ஏப்பம் விட்டான். எனக்கு வாயில் வைக்கவே கூசியது. ஆனாலும் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் சர்ச்சுக்குப் போனேன். பாஸ்டர் கிர்ஸ்டன் வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஆர்டிஸ், நீங்க இத்தனை வருஷம் குடுத்தவங்க. வாங்குறதுக்கும் ஒரு தைரியம் வேணும்," என்று கண் கலங்கினார். 'இல்ல பாஸ்டர், என் வீட்டுக்காரன் கட்சி வெறியில பொய் சொல்லிட்டான்' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பாட்டு முடியட்டும், காப்பி நேரத்தில் சொல்லலாம் என்று மென்று விழுங்கினேன்.

பாடும் அங்கியைக் கழற்றி மாட்டும் அறையில் மாவிஸ் என்னைப் பிடித்தாள். கதவைச் சாத்தினாள்.

"டுவெய்ன் பேசினத ஆறு மணிக்கும் பார்த்தேன், திரும்பப் பத்து மணிக்கும் உட்கார்ந்து பார்த்தேன்," என்றாள்.

"மாவிஸ், அது வந்து—"

"நீ பேசாத. நான் சொல்லி முடிச்சிடறேன், இல்லேன்னா இந்த ஜென்மத்துல சொல்ல மாட்டேன்." அங்கியின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுலயும் கார்ன்ஃப்ளேக்ஸ்தான்டி."

எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது.

"எப்பத்துலேருந்து?"

"கோடையிலேருந்து. லேலண்டோட ஆஸ்பத்திரிக் கடன் ஒரு பக்கம், வீட்டு வரி ஒரு பக்கம். மாத்திரையும் அரைதான். டுவெய்ன் அதச் சொன்னப்ப எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. யாரோ என் சமையல்கட்டுக்குள்ள எட்டிப் பார்த்துட்ட மாதிரி."

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல? நான் இருக்கேன்ல, கீழ அலமாரி இருக்கே!"

"எப்படிச் சொல்வேன்? நாடு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு ஊரோட சண்டை போட்டவ நான். வாசல்ல எங்க ஆளு பலகை நிக்குது. நான் போய்க் கைய நீட்டினா டுவெய்ன் மாதிரி ஆளுங்க என்ன சொல்வாங்க? என் வயித்தக் காட்டி உங்க ஆளுக்கு ஓட்டுக் கேப்பாங்க. அதுக்குக் கார்ன்ஃப்ளேக்ஸே தேவலாம்." கொஞ்சம் சிரித்தாள். "உன் புருஷன் வாயாடிதான். ஆனா அன்னிக்கு அவனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்ல ஆர்டி."

தைரியமாம்! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அப்போது எனக்கு வேறொன்று நினைவு வந்தது.

"மாவிஸ், நீ கொண்டு வந்த ஹாட்டிஷ்ல அவ்வளவு கறி..."

"ஃப்ரீசர்ல கடைசியா ஒரு பொட்டலம் கிடந்தது. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குன்னு வச்சிருந்தேன். நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க, ஒண்ணுமில்லாம கெடக்குறீங்க, நான் அதக் கட்டிக்கிட்டு அழவா?"

இதற்கு மேல் நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வேன்? சொன்னால் அவள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள், திரும்ப யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். எனக்கு அது தெரியும்.

"கீழ அலமாரியில தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டுப் பெட்டி குடுக்கிற அன்னிக்கு வரலாம்னு பார்க்குறேன்," என்றாள். "ஆனா நீ மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்குக் குடுத்தா என்னால வாங்க முடியாது. நீயும் டுவெய்னும் எப்படியும் வரிசையில வருவீங்கல்ல? உங்க கூட நிக்கறேன். நீங்க நின்னா நானும் நிப்பேன்."

நான் தலையாட்டினேன். டுவெய்ன் சொன்ன பொய்யை அந்த நிமிஷம் நானும் சொன்னேன். அவன் முட்டைக்கு முன்னால் நின்று சொன்னான், நான் அங்கிகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து டுவெய்னிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேனே, அந்தக் கறியா?"

"அதே கறிதான்."

எழுந்து போய்ப் பர்ஸை எடுத்து வந்தான். "நான் வேணா ஒரு கவர்ல கொஞ்சம் பணம் வச்சு—"

"மூஞ்சியில விட்டெறிவா. உன்னால ஆகக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். என்கூட வந்து வரிசையில நிக்கணும், பெட்டிய வாங்கணும், வாயப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு வரணும். பெட்டியில இருக்கிறதுக்கு ரெண்டு மடங்கு நானே அலமாரியில திரும்ப வச்சிடறேன்."

"சத்தியமா வாயத் திறக்க மாட்டேன் ஆர்டி," என்றான். அவன் மனசாரத்தான் சொன்னான்.

நவம்பர் வந்தது. எங்கள் கட்சி ஜெயித்தது.

மறுநாள் காலையிலிருந்து டுவெய்ன் விசிலடித்துக்கொண்டு திரிந்தான். பெட்ரோல் போட்டு வந்து, "விலை இறங்குற மாதிரி தெரியுது," என்றான். பங்க்கைத் தாண்டும்போது நானும் விலைப் பலகையைப் பார்த்தேன், அதே விலை. "காத்துலயே ஒரு மாத்தம் தெரியுது ஆர்டி. ஜனங்க முகத்துல ஒரு தெளிவு."

"ஜெயிச்சவர் இன்னும் நாற்காலியிலயே உட்காரலய்யா."

"வரப்போறார்னு தெரிஞ்சாலே போதும்ல!"

அந்த வாரம் கருத்துக் கணிப்பு எடுக்கிற பெண் ஒருத்தி போன் செய்தாள். டுவெய்ன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொன்னான்.

"நாட்டின் பொருளாதாரம் எப்படிப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? நல்லபடியாகவா, மோசமாகவா?"

"நல்லபடியா!"

"உங்கள் சொந்தக் குடும்ப நிலைமை?"

"அது எப்பவும் நல்லாத்தாம்மா இருக்கு."

கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவனுக்கு உறைக்கவே இல்லை. ஆனால் அவனை மட்டும் சொல்லி என்ன? அந்த வாரம் கடைக்குப் போனபோது எனக்கும் முட்டை விலை அவ்வளவு உறுத்தவில்லை. அட, பரவாயில்லையே என்று இரண்டு டஜன் எடுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் அக்டோபரில் நான் திட்டித் தீர்த்த அதே விலை. வெட்கமாக இருந்தது. பில்லைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை. வரிசை சர்ச் கீழ்த்தளத்திலிருந்து படிகளில் ஏறி வெளிக்கதவு வரை நின்றது. எல்லாரும் காலணிப் பனியைத் தட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மேசையில் என் இடத்தில் பாஸ்டர் கிர்ஸ்டன் நின்றிருந்தார். மாவிஸ் அந்த நீலக் கோட்டில், உதட்டுச் சாயத்தோடு வந்தாள். எனக்கும் டுவெய்னுக்கும் நடுவில் புகுந்து நின்று, என் கைக்குள் தன் கையைச் செருகிக்கொண்டாள்.

"ஓடிரலாம் போல இருக்குடி," என்று காதில் சொன்னாள்.

"நான் இருக்கேன்ல," என்றேன்.

டுவெய்ன் ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். எங்கள் முறை வந்தது. பாஸ்டர் எனக்கு ஒரு பெட்டி கொடுத்தார், மாவிஸுக்கு ஒன்று. உறைந்த வான்கோழி, பீன்ஸ், பூசணிக்காய் டப்பா. மாவிஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் படியில் விளக்கு வெளிச்சம் விழுந்தது. சூப்பர் மார்க்கெட்டில் மைக் நீட்டிய அதே பையன், பெயர் ப்ரெனன். பின்னால் கேமரா தூக்கிய ஒருவன். தேர்தலுக்குப் பிறகு மக்கள் மனசு எப்படி இருக்கிறது என்று எடுக்க வந்தார்களாம். பாஸ்டர், "கேட்காம யார் முகத்தையும் எடுக்கக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தார். அதற்குள் அவன் டுவெய்னைப் பார்த்துவிட்டான்.

"சார்! நீங்க கார்ன்ஃப்ளேக்ஸ் சார்தானே? உங்கள மறக்கவே முடியாது சார். இப்ப உங்க ஆளுங்க ஜெயிச்சாச்சு. எப்படி இருக்கு? ஏதாவது மாறுமா?"

நான் டுவெய்னின் காலை மிதித்தேன். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் என்னைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான். அவனுக்குள் நடந்தது எனக்கு அப்படியே தெரிந்தது. 'இல்லை, ஒன்றும் மாறாது' என்று சொன்னால் ஜெயித்த கட்சிக்குக் கெட்ட பெயர். அதை அவனால் தாங்க முடியாது.

"மாறுமாவா? மாறிக்கிட்டே இருக்கு தம்பி!" என்றான். குரல் தானாக உயர்ந்தது. "ஜனங்களுக்கு நம்பிக்கை வந்திருச்சு. எங்க வீட்டுலயே பாருங்க, இப்ப நிலைமை எவ்வளவோ தேவல. கறியெல்லாம் சாப்பிடறோம்!"

ப்ரெனன் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். "சந்தோஷம் சார். அப்ப இந்த வரிசையில எதுக்கு சார் நிக்கறீங்க?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. வரிசையில் எல்லாத் தலைகளும் திரும்பின. டுவெய்னின் காது சிவந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் எதைக் கண்டாலும் பிடித்துக்கொள்வான்.

"நாங்க... நாங்க வாங்க வரலப்பா. இவங்களுக்குத் துணைக்கு வந்தோம்." மாவிஸின் தோளில் கையை வைத்தான். அன்பாகத்தான் வைத்தான். "எங்க தெருக்கோடி வீட்டம்மா. தனியா இருக்காங்க, ரொம்பக் கஷ்டம். நாமதானே பார்த்துக்கணும்."

கேமரா மாவிஸ் பக்கம் திரும்பியது.

அவள் முதலில் டுவெய்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னோடு ஒட்டி நின்றவள் ஓரடி விலகினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, கார்ன்ஃப்ளேக்ஸ், மாத்திரை, எல்லாமே பொய் என்று புரிந்துவிட்டது. நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்ல, எனக்குத்தான் வாங்க வந்தேன், அவ எனக்குத் துணைக்கு வந்தா' என்று சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. எதிரே விளக்கு, மைக், ஊர் ஜனம் முழுவதும். இத்தனை நாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்த அத்தனை பேருக்கும் முன்னால், நான் இல்லாதவள் இல்லை என்று ஒருவழியாக டுவெய்ன் சொல்லிவிட்டான். உள்ளுக்குள் ஏதோ ஒரு மூலையில் எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது. அந்த அப்பாடாவில் என் வாய் அடைத்துப் போயிற்று.

"மேடம், உங்களுக்குப் பொருளாதாரம் எப்படி இருக்கு?" என்று பையன் மைக்கை நீட்டினான்.

மாவிஸ் நிமிர்ந்து நின்றாள். "பரவாயில்ல," என்றாள். "இன்னும் மோசமா இருந்திருக்கலாம்."

பெட்டியை மேசையில் திரும்ப வைத்தாள். பாஸ்டரைப் பார்த்து, "வேற யாருக்காவது குடுங்க," என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட, படியேறிப் போனாள்.

அன்று சாயங்காலச் செய்தியில் டுவெய்ன் நம்பிக்கையைப் பற்றிப் பேசினான். பாஸ்டர் கெஞ்சிக் கேட்டதால் மாவிஸின் முகத்தைக் காட்டவில்லை. படியேறும் நீலக் கோட்டின் முதுகை மட்டும் காட்டினார்கள். எங்கள் ஊரில் அந்தக் கோட்டைத் தெரியாதவர் யார்?

அதற்கு மேல் யாரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டுகிற ஊர் இல்லை எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்தில் எல்லாரும் டுவெய்னிடம் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். பாடகர் குழுவில் என் பக்கத்தில் மாவிஸின் இடம் காலியாக இருந்தது.

அவள் பாத்திரம் இன்னும் என் வீட்டில் இருந்தது. அடியில் டேப்பில் அவள் கையெழுத்து. திங்கட்கிழமை நல்ல கறியாகப் பார்த்து வாங்கி, கொத்தி, இரண்டு மடங்கு போட்டு ஹாட்டிஷ் செய்தேன். நிரப்பிய பாத்திரத்தைக் கைத்துணியில் சுற்றிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தேன். அவள் புல்வெளியில் தோற்றுப்போன வேட்பாளரின் பலகை பனியில் பாதி புதைந்து நின்றது.

கதவைத் திறந்தாள். உதட்டுச் சாயம் இருந்தது. உள்ளே ஹீட்டர் போடவில்லை. வீட்டுக்குள்ளேயும் கோட்டுப் போட்டிருந்தாள்.

"மாவிஸ், நான் அன்னிக்கே ஏதாவது சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றாள். "சொல்லியிருக்கலாம்."

"எனக்கு வெட்கமா இருக்குடி. உன் முகத்தப் பார்க்க முடியல."

"உனக்கு எதுக்கு வெட்கம்? உங்க வீட்டுலதான் எல்லாம் நல்லா இருக்கே." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். "உள்ள வா, குளிருது."

பாத்திரத்தை வாங்கிச் சமையல் மேடையில் வைத்தாள். கீழே குனிந்து காலி ஐஸ்க்ரீம் டப்பா ஒன்றை எடுத்தாள். பெரிய கரண்டியால் நான் செய்த ஹாட்டிஷை, கறி, உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஒட்டியிருந்த காளான் வரைக்கும் வழித்து வழித்து அந்த டப்பாவில் போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள். கொஞ்சங்கூடச் சிந்தவில்லை. டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"பாத்திரம் என்னுது," என்றாள். "இது உன்னுது."

டப்பாவின் அடி என் உள்ளங்கையைச் சுட்டது. அவள் அதற்குள் பாத்திரத்தைக் குழாயடியில் போட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து அலமாரியில் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி நின்றது. எந்தக் கடையும் விளம்பரம் செய்யாத, மலிவான வகை. நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

டுவெய்ன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவனும் சரியாகத் தூங்கவில்லை. "வாங்கிக்கிட்டாளா? என்ன சொன்னா? எப்படி இருக்கா?"

"பரவாயில்லையாம்," என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "பார்த்தியா! நான் சொன்னேன்ல? எல்லாருக்கும் மெல்ல மெல்லச் சரியாகிக்கிட்டு வருது ஆர்டி."

ஐஸ்க்ரீம் டப்பாவை மேசையில் அவனுக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். அவன் உள்ளே பார்த்தான். அது என்னவென்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையைத் தூக்கவே இல்லை. நான் அலமாரியிலிருந்து இரண்டு கிண்ணங்கள் எடுத்து, கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டிப் பாலை ஊற்றினேன். ஒன்றை அவன் பக்கம் தள்ளினேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பாலில் அது ஊறிக் கூழாகும் வரைக்கும் இரண்டு பேரும் கரண்டியைத் தொடவில்லை.